உறைக்குள் பூசணிக்காய் அடங்காது

சேகர முகாமைக் குருவானவருக்கும் சேகர நிர்வாக சபையினருக்கும் ஒரு திறந்த மடல்

நவம்பர் கடைசி ஞாயிறு, ஆசீர்வாதத்துக்கு முன் அறிவித்தல்கள் வாசிக்கும் நேரத்தில் உங்கள் சுற்றுநிருபம் யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றிலுள்ள எங்கள் மெதடிஸ்த ஆலயத்தில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் எங்களூர்ப் பிரசங்கி. மூன்றாவது வரிக்கு வந்தபோது அவருடைய குரல் இறங்கிவிட்டது. வரும் மாசியில் எங்கள் ஆலயத்தில் அறுவடை விழா இல்லை. சேகரத்திலுள்ள எல்லாச் சபைகளுக்கும் சேர்த்து நகரத்துத் தலைமை ஆலயத்தில் ஒரே விழா. விளைபொருள் கொண்டுவர வேண்டாம்; குடும்பத்துக்கு ஓர் உறை தரப்படும், அதில் 5,000 ரூபாய்க்குக் குறையாமல் வைத்துக் கொடுக்க வேண்டும். விளைபொருட்களை ஏலம் விடுவதும் இனிமேல் கிடையாது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையும் நகரத்தில்தான், அதுவும் இரவு ஏழு மணிக்கு.

யாரும் ஒன்றும் பேசவில்லை. கடைசிப் பாட்டைப் பாடிவிட்டு வெளியே வந்தோம். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒழுங்கை முடிவில் இருக்கும் ஆச்சி என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, அப்ப நான் நட்ட பூசணிக்காயை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல். நிர்வாக சபைக்குத் தனியாக எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு தடவை எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது.

இதை எழுத எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று. 2009ஆம் ஆண்டு முதல் எங்கள் ஆலயத்தின் ஏலக் கொப்பியை எழுதிவருபவன் நான். யார் என்ன கொண்டுவந்தார், யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று எழுதிவைக்கும் சாதாரணக் கொப்பி அது. எனக்கு முன் எழுதியவர்களின் கொப்பிகளும் ஒரு தகரப் பெட்டிக்குள் என் வீட்டில்தான் இருக்கின்றன. சுற்றுநிருபம் வந்த இரவு அவற்றை எல்லாம் எடுத்து விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். கீழே நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவற்றிலிருந்துதான்.

உங்களில் சிலர் எங்கள் அறுவடை விழாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதனால் அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை பின்னேரமே வேலை தொடங்கிவிடும். வாலிபர்கள் முன்வரிசை வாங்குகளைச் சுவரோரமாக ஒதுக்குவார்கள். பிரசங்க பீடத்தின் இரண்டு பக்கமும் நெற்கதிர்க் கட்டு. யன்னல் கம்பிகளில் வெங்காயப் பிடிகளைத் தொங்கவிடுவார்கள். திருவிருந்து மேசைக்கு முன்னால் சாக்கு விரித்து, அதில் மரவள்ளி, இராசவள்ளி, பனங்கிழங்குக் கட்டு, பயிற்றங்காய், கத்தரிக்காய், தேசிக்காய். கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் கருவாடு கொண்டுவரும். அதை மட்டும் வெளி விறாந்தையில் வைப்போம், பூனைக்குப் பயந்து. கால் கட்டிய சேவல் ஒன்று ஒவ்வொரு வருடமும் வரும். நீண்ட ஜெபம் நடக்கும்போதுதான் அது கூவும். ஞாயிறு காலை கதவைத் திறந்தால் வெங்காயமும் புது நெல்லும் பழுத்த வாழைக்குலையும் கலந்து ஒரு மணம் வரும் பாருங்கள், அந்த மணம்தான் எனக்குத் தெரிந்த நன்றியறிதல்.

ஒருமுறை ஒரு தோட்டக்காரர் நல்ல பதமாய் உலர்த்திய புகையிலையைச் சிப்பமாகக் கட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். அப்போதிருந்த போதகர் ஐயாவுக்குப் பெரிய சங்கடம். மெதடிஸ்த மேசைக்கு முன்னால் புகையிலையா? தூக்கி வெளியே வைக்கச் சொல்லப்போனார். பின்வாங்கிலிருந்து ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இந்த வாங்குகளே புகையிலைக் காசிலை செய்ததுதான்." சிப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. நல்ல விலைக்கும் போனது. (எடுத்தவர் யார் என்று கொப்பியில் இருக்கிறது, சொல்லமாட்டேன்.)

ஆராதனை முடிந்ததும் பொருட்களை வளவிலுள்ள வேப்பமரத்தின் கீழ் கொண்டுபோய் ஏலம் விடுவோம். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். எடுத்தவர் அதைத் திரும்பவும் மேசையில் வைத்துவிடலாம். மறுபடியும் ஏலம் போகும். 2011 கொப்பியில் ஒரே பப்பாப்பழம் நான்கு தடவை விற்கப்பட்டிருக்கிறது. நான்காவது ஆள் அதைச் சாப்பிட்டாரா, அல்லது அது அங்கேயே அமுங்கிப் பழச்சாறாகிவிட்டதா, தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உறையில் 5,000 ரூபாய் வைக்கச் சொல்கிறீர்கள். வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப்போகும் ஒரு பெண் இரண்டு மூன்று நாள் கூலியை ஒரு சதமும் தொடாமல் வைத்திருந்தால்தான் அது சேரும். எங்கள் சபையில் அப்படிப்பட்ட பெண்கள் பலர். அவர்கள் கொடுக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கடன்பட்டாவது கொடுப்பார்கள், அதுதான் என் பயம். கொடுக்க முடியாதவர்கள் அன்றைக்குக் கோயிலுக்கு வரமாட்டார்கள். "காய்ச்சல்" என்பார்கள், "மகள் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்பார்கள். உறையில் பெயரும் அங்கத்துவ இலக்கமும் எழுத இடம் விட்டிருக்கிறீர்கள். பிறகு தொகைகள் வருட அறிக்கையில் பெயரோடு அச்சாகும். வெறும் உறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு அவர்கள் வாங்கில் உட்காருவது?

பூசணிக்காய்க்கு அந்தக் கஷ்டம் இல்லை. வளவு மூலையில் சாம்பல் கொட்டின இடத்தில் ஒரு விதை போட்டால் மாரி மழைக்கு அது தானாகப் படரும். ஆச்சியின் பூசணி என் கொப்பியில் 2013 முதல் ஒவ்வொரு வருடமும் இருக்கிறது, கோவிட் வருடத்தைத் தவிர. ஏலத்தில் நிற்கும்போது அது யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. எவ்வளவு பாரம் என்றுதான் கேட்பார்கள். இருந்தாலும் ஆச்சிக்குத் தெரியும், தன்னுடைய காய் மற்ற எல்லாக் காயையும்விட விலைபோயிற்று என்று. அன்று முழுக்க அவர் நடக்கிற நடையே வேறு. அந்த ஒரு நாள் அவர் எங்கள் சபையின் பெரிய கொடையாளி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் விடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எங்கள் ஊரில் யார் வீட்டுப் படி யார் ஏறுவது, யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. கோயிலுக்குள் வந்தால் எல்லாரும் ஒன்றுதான் என்று பிரசங்கத்தில் சொல்கிறோம். வாங்கைப் பார்த்தால் யார் எங்கே இருக்கிறார் என்பதில் இன்னும் ஓர் ஒழுங்கு தெரியும். ஆனால் அறுவடை ஏலத்தில் அது கலைந்துவிடும். ஒரு வீட்டில் இடித்த மாவில் சுட்ட பலகாரம், அந்த வீட்டுப் படி ஏறாத இன்னொரு வீட்டின் சாப்பாட்டு மேசைக்குப் போகும். எடுத்தவர் அதை எல்லாருக்கும் முன்னால் பிரித்து, அந்த இடத்திலேயே ஒன்றைக் கடித்தும் பார்ப்பார். முப்பது வருடப் பிரசங்கம் செய்யாததை ஒரு தட்டுப் பயற்றம் பணியாரம் செய்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உறையிலிருந்து உறைக்கு எதுவும் இப்படிப் போகாது. உறைகள் எல்லாம் நேரே வங்கிக்குப் போகும்.

கொப்பிகளில் எங்கள் ஊரின் கஷ்டகாலமும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30, எனக்குப் பன்னிரண்டு வயது. யுத்தத்துக்குத் தப்பி, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்த இரவு. எங்கள் சபைப் பொருளாளர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனது திருவிருந்துக் கிண்ணத்தையும் அங்கத்துவப் பதிவேட்டையும் இந்தக் கொப்பிகளையும். அடுத்த வருடம் மாசியில், பாலத்துக்கு அப்பாலுள்ள தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் அறுவடை விழா வைத்தோம். அறுவடை என்று சொல்ல என்ன இருந்தது? எல்லாரும் அகதிகள். அந்த வருடத்துப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: "நிவாரண அரிசி, ஒரு சுண்டு." அதற்குக் கீழே இன்னும் பதினாறு பேரின் ஒரு சுண்டு அரிசி. விலை எழுதும் இடம் வெறுமை. ஏலம் விடவில்லை, எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். அந்தக் கஞ்சியை ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் குடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உப்புக் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகச் சாமான் வரும் ஏ-9 வீதி மூடப்பட்டபின் வந்த விழாவில் எல்லாவற்றையும்விடக் கூடிய விலைக்குப் போனது ஒரு சன்லைட் சவர்க்காரக் கட்டி. வாழைக்குலையைவிடக் கூட. அதைக் கொடுத்தவர் எவ்வளவு காலம் பொத்திவைத்திருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். 2021இல் அரசு இரசாயன உரத்தைத் தடைசெய்தது. அதற்கடுத்த மாசியில் நெற்கதிர்க் கட்டுக்கூட மெலிந்துதான் இருந்தது. சாக்கின் பாதி வெறுமை. அதையும் மறைக்காமல் அப்படியே விட்டு ஆராதனை நடத்தினோம். அந்த வருடம் ஜெபித்தவர் விளைந்ததற்காகவும் நன்றி சொன்னார், விளையாததைக் கண்ணீரோடு சொல்லியும் ஜெபித்தார். அன்றைக்கு உறை இருந்திருந்தால் வெறும் சாக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. ஊரின் தோட்டம் என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் போதகர் கண்ணால் காண்கிற நாள் அது ஒன்றுதான் ஐயா. சைவச் சனமும் அன்றைக்கு எங்களுக்குக் கீரையும் இளநீரும் கொண்டுவந்து தரும். பொங்கலுக்கு அவர்கள் தந்ததை நாங்கள் சாப்பிடுகிறோம், மாசியில் அவர்களும் எங்கள் ஏலத்தில் நிற்கிறார்கள். நகரத்துக்கு அவர்கள் வரப்போவதில்லை.

நீங்கள் காட்டிய காரணங்களை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஒவ்வொன்றாய் யோசித்துப் பார்த்தேன்.

கர்த்தருடைய வீட்டைச் சந்தையாக்குகிறோம் என்கிறீர்கள். ஆலயத்தில் மேசைகள் கவிழ்க்கப்பட்ட கதையை நானும் ஞாயிறு பாடசாலையில் படித்தேன். அங்கே இருந்த வியாபாரிகள் கும்பிட வந்த ஏழைகளிடம் புறாவை விற்றுக் காசு பிடுங்கினார்கள். எங்கள் வேப்பமரத்தின் கீழ் நடப்பது அதற்கு நேர் எதிர். ஏழையின் முருங்கைக்காய்க் கட்டுக்கு வசதியுள்ளவர் சந்தை விலையைப்போல் ஐந்து மடங்கு கொடுக்கிறார். கும்பிட வருகிறவருக்கு முன்கூட்டியே ஒரு விலை குறிப்பது எது, ஏலமா, 5,000 என்று அச்சடித்த உறையா? நீங்களே சொல்லுங்கள்.

ஏலத்தில் குடித்துவிட்டு ஒருவர் சத்தம்போட்ட சம்பவம் உண்மை. மறைக்கவில்லை. அந்த வருடத்திலிருந்து ஏலத்தைப் பின்னேரம் வைப்பதை விட்டு, ஆராதனை முடிந்த கையோடு பகலிலேயே வைக்கிறோம். அப்புறம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

உண்மையான பழுது வேறு இடத்தில் இருக்கிறது. அதை நீங்கள் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருக்கும் எங்கள் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஏலம் கேட்கத் தொடங்கியதிலிருந்து விழா கெட்டுப்போயிற்று. ஒருவர் லண்டனிலிருந்து, ஒருவர் டொரன்டோவிலிருந்து. ஒரு வாழைக்குலைக்கு 40,000, 60,000 என்று போட்டி. வேப்பமரத்தின் கீழ் நிற்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். குலையைக் கொண்டுபோகவும் ஆளில்லை. கூரைக்கு ஓடு மாற்ற அந்தக் காசு உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தொகைகளை எழுதும்போது என் கை சந்தோஷப்படவில்லை. இதைத் திருத்த வேண்டியது எங்கள் பொறுப்பு. திருத்துவோம். பழுதைத் திருத்தச் சொல்லியிருந்தால் வரவேற்றிருப்பேன். நீங்களோ விழாவையே எடுத்துவிட்டீர்கள்.

போதகர்கள் போதாது என்பதும் சரிதான். ஒரே போதகர் ஐயா எத்தனை ஆலயத்துக்கு ஓடுவார்? ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் மூன்றாவது ஆலயத்துக்கு வந்து சேரும்போது அவருடைய சட்டை நனைந்திருப்பதை நாங்கள் பார்க்கிறோம். ஆனால் ஐயாமாரே, போதகர் இல்லாமல் சபை நடத்துவது நமக்குப் புதிதா? நம்முடைய சபை பிறந்ததே குருப்பட்டம் பெறாத பிரசங்கிகளை நம்பித்தான். 1813 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்திலிருந்து இந்தத் தீவுக்கு மிஷனரிகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட தோமஸ் கோக் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். தலைவர் இல்லாமல்தான் மற்றவர்களில் பெரும்பாலோர் 1814 ஜூன் 29 அன்று காலியில் கரையிறங்கினார்கள். அவர்களில் லிஞ்சும் ஸ்குவான்சும் அதற்குப்பிறகு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். 2014இல் இருநூறாவது ஆண்டு கொண்டாடியபோது இந்தக் கதையை மேடையில் சொல்லக் கேட்டுக் கைதட்டியவர்கள் நாம்.

அதே சரித்திரத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. அதை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. 1742 பெப்ரவரி, இங்கிலாந்தில் பிரிஸ்டல். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஆட்கள் கட்டிய கூடத்துக்குக் கடன். எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார் ஒருவர். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்றார் இன்னொருவர். அப்போது முன்னாள் கப்பல் தலைவர் ஒருவர் எழும்பினார். ஏழைகளில் மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், ஒவ்வொரு வாரமும் அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் கொடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் என்னுடையதோடு அவர்களுக்காகவும் நானே கொடுக்கிறேன் என்றார். சபையாரைச் சிறு குழுக்களாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைக்கும் நம்முடைய வகுப்பு முறை அந்தக் கூட்டத்தில்தான் தொடங்கியது. அந்த மனுஷன் பதினொரு உறை அச்சடிக்கவில்லை. படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகிறேன் என்றார். எங்கள் வகுப்புத் தலைவர்கள் கடைசியாக எங்கள் படலைகளைத் திறந்தது எப்போது என்று நிர்வாக சபை ஒருமுறை விசாரித்துப் பார்த்தால் நல்லது.

நள்ளிரவு ஆராதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வூட் என்ற இடத்து நிலக்கரித் தொழிலாளிகள் முன்பு சாராயக்கடையில் கழித்த இரவுகளை ஜெபத்தில் கழிக்கத் தொடங்கினார்கள்; அதிலிருந்து வந்ததுதான் இந்த விழித்திருக்கும் ஆராதனை. சனம் இருட்டில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டுமே என்று வெஸ்லி அதைப் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமைகளில் வைத்தார். கூட்டத்தின் நேரத்தைக் குறிக்கும்போது நடந்துபோகிறவரை நினைத்தார், அவ்வளவுதான் விஷயம். நீங்கள் ஏழு மணிக்கு நகரத்தில் வைக்கிறீர்கள். எங்கள் ஊரிலிருந்து கடைசி பஸ் ஆறரைக்கு. போகலாம், திரும்பி வர பஸ் இல்லை. ஓட்டோ பிடிக்கும் வசதியுள்ளவர்களின் ஆராதனையாக அது ஆகிவிடும்.

நள்ளிரவு ஆராதனையை முந்தி வைப்பது எங்களுக்குப் பழக்கமில்லாதது என்று நினைக்க வேண்டாம். ஊரடங்குக் காலத்தில் வருடக்கடைசி ஆராதனையைப் பின்னேரம் நான்கு மணிக்கே முடித்துக்கொண்டு, சோதனைச்சாவடி மூடுமுன் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறோம். வெளியே வெயில், உள்ளே "பழைய வருடத்தின் கடைசி நாழிகை" என்று ஜெபம். பிள்ளைகள் சிரித்தோம், பெரியவர்கள் சிரிக்கவில்லை. யுத்தம் முடிந்த 2009 டிசம்பரில்தான் மறுபடியும் உண்மையான பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தோம். மணிக்கயிற்றைப் பிடித்த பெரியவர் நிறுத்தவே மாட்டேன் என்று நின்றார். பக்கத்துச் சைவக் கோயில் மணியும் சேர்ந்து அடித்தது. துவக்குப் பிடித்தவர்கள் அந்த நள்ளிரவை எங்களிடமிருந்து எடுத்திருந்தார்கள். அது போய்த் திரும்பி வந்தது. இப்போது ஒரு சுற்றுநிருபம் அதை எடுக்கிறது, மின்சாரக் கட்டணத்தைக் காரணம் காட்டி. மின்சாரம் வேண்டாம், விளக்குக் கொளுத்திக்கொள்கிறோம். அதில் எங்களுக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.

ஒன்றை எடுத்தால் மற்றதும் ஆட்டம் காணும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. குருத்தோலை ஞாயிற்றுக்கு எங்கள் பிள்ளைகள் ஓலையில் சிலுவை பின்னுகிறார்கள். உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் சேமக்காலைக்குப் போய், எங்கள் ஆட்கள் கிடக்கிற இடத்திலேயே பாடுகிறோம். கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு ஊர்ப் பிள்ளைகள் சமய வேறுபாடில்லாமல் நடிக்கிறார்கள். போன வருடத்து மரியாள் ஒரு சைவப் பிள்ளை. இவற்றையும் நாளைக்கு "ஒருங்கிணைத்து" நகரத்து மண்டபத்தில் பெரிய திரையில் காட்டிவிடலாம்தான். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சேமக்காலையை எப்படி நகரத்துக்குக் கொண்டுபோவீர்கள்?

ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. அது மட்டும் எங்கள் ஆலயத்தில் நடக்கும் என்று சுற்றுநிருபத்தில் போட்டிருக்கிறீர்கள். அன்று எல்லாரும் எழுந்து நின்று, நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன் என்கிறோம். உமக்கு விருப்பமானவர்களோடு என்னைச் சேர்த்து வையும் என்கிறோம். நிறைவிலும் வெறுமையிலும் உம்முடையவனாக இருப்பேன் என்கிறோம். இந்தமுறை அந்த வரிகளைச் சொல்ல வரும்போது, உறையில் வைக்க ஒன்றுமில்லாதவர்களோடு நம்மைச் சேர்த்து வைத்தால் நாம் எங்கே உட்காருவோம் என்று நீங்களும் ஒருநிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் கேட்பது இவை. மாசி அறுவடை விழாவை எங்கள் ஆலயத்திலேயே, விளைபொருட்களோடு நடத்த அனுமதி தாருங்கள். நகரத்து விழாவுக்கும் வருகிறோம், அதை வேறொரு ஞாயிற்றில் வையுங்கள். உறை கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கட்டும். அதிலுள்ள குறைந்த தொகையை எடுத்துவிடுங்கள், வருட அறிக்கையில் பெயருக்கு நேரே தொகை அச்சிடுவதையும் நிறுத்துங்கள். ஏலத்துக்கு நாங்களே ஒழுங்குவிதி எழுதித் தருகிறோம்: பகலில் மட்டும், நேரில் நிற்கிறவர்கள் மட்டும் கேட்கலாம், வெளிநாட்டிலிருப்பவர்கள் விரும்பினால் கட்டட நிதிக்குத் தனியாக அனுப்பலாம். கணக்கை நகரத்துப் பொருளாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கொப்பிகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. டிசம்பர் 31 இரவு பதினொரு மணிக்கு எங்கள் ஆலயத்தைத் திறந்து, எங்கள் உள்ளூர்ப் பிரசங்கி ஆராதனை நடத்த எழுத்தில் ஒப்புதல் தாருங்கள். போதகர் ஐயா அன்று நகரத்திலேயே இருக்கட்டும், அவரை நாங்கள் அலைக்கழிக்க மாட்டோம். இனி இப்படி ஒரு முடிவு எடுப்பதற்குமுன் ஒவ்வொரு சிறிய சபையிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதில் ஒருவராவது கூலிக்குப் போகிறவராக இருக்க வேண்டும்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நிர்வாக சபை கூடுகிறது என்று அறிந்தோம். இந்த மடலை அங்கே முழுவதுமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், நான் ஞாயிற்றுக்கிழமை அறிவித்தல் நேரத்தில் வாசிக்கிறேன்.

ஆச்சியின் பூசணி இப்போது உள்ளங்கை அளவு. கீழே வைக்கோல் வைத்து, மேலே ஓலை போட்டு மூடியிருக்கிறார், மழைக்கு அழுகாமல். கேட்ட கேள்வியை ஒவ்வொரு ஞாயிறும் திரும்பக் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஏலக் கொப்பி எழுதுபவன்